புட் அப்பும் புட் அப் வித்தும்

சென்ற விடுமுறையில் வங்காளப் பேராசிரியர் ஒருவர் வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். விடுதிக்குத் திரும்பியதும் நன்றிக் கடிதம் எழுதினேன். இடம் கொடுத்து ஆதரித்ததற்கு நன்றி என்பது என் கருத்து. 'புட்டிங் மீ அப்' என்று எழுதியிருக்க வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று ஒரு 'வித்' சேர்த்து, 'புட்டிங் அப் வித் மீ' என்று எழுதிவிட்டேன். 'என் தொல்லையைச் சகித்துக்கொண்டதற்கு நன்றி' என்று பொருளாகிவிட்டது. உள்ளதைத்தானே எழுதியிருக்கிறான் என்று அவருடைய துணைவியார் சிரித்தாராம்!

நம்மில் பலருடைய நிலை இதுதான். ஊரில் ஆங்கிலத்தை ஏட்டில் படித்தோம். 'போஸ்ட்போன்', 'டாலரேட்', 'அபாண்டன்' எல்லாம் நமக்கு அத்துபடி. ஆனால் சாப்பாட்டுக் கூடத்தில் பிற மாநில நண்பர்கள் 'புட் ஆஃப்', 'புட் அப் வித்', 'கிவ் அப்' என்று சரளமாகப் பேசும்போது வாயடைத்துப் போகிறோம். சங்கக் கூட்டத்தில் சண்டமாருதமாய்ப் பேசுகிறவர்கூட அங்கே தயிர்ச் சாதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இத்தனைக்கும் இரு வரிசையும் ஏறக்குறைய ஒரே பொருள் கொண்டவை. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு வழியாகவும், பின்னர் நேரே லத்தீனிலிருந்தும் நீண்ட சொற்கள் வந்து ஏட்டில் அமர்ந்தன. வீட்டிலும் தெருவிலும் புழங்கியவை 'புட்', 'கெட்', 'டேக்' போன்ற சிறு வினைகள். அவற்றோடு 'அப்', 'அவுட்', 'டவுன்' சேர்ந்து பிறப்பதைத்தான் 'பிரேஸல் வெர்ப்' என்கிறார்கள்; நாம் கூட்டுவினை என்று வைத்துக்கொள்வோம். பிற நாட்டாரை மிகவும் வருத்துவது இதுவே என்று டாக்டர் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார்.

ஆனால் நமக்கு இது புதிதா? 'கண்டுபிடி' என்கிறோம், எதைப் பிடிக்கிறோம்? வேலையைத் 'தள்ளிப்போடு'கிறோம், தள்ளுவதுமில்லை, போடுவதுமில்லை. 'புட் ஆஃப்' என்பது இதன் உடன்பிறப்பேதான். ஆகவே சொல்லைப் பிளந்து பொருள் தேடாமல், முழுச் சொல்லாகவே பழகிக்கொள்ளலாம்.

நம் அன்றாட வாழ்க்கையையே பாருங்கள். வேண்டுமென்றே ஒன்றைத் தொடங்குவது 'டேக் அப்'. தானாகவே ஒன்று பிடித்துப்போவது 'டேக் டு'. டென்னிஸ் பழகத் தொடங்குவது முன்னது. இராச் சப்பாத்தி நாளடைவில் பிடித்துப்போவது பின்னது. ஐந்து காப்பியை இரண்டாகக் குறைத்தால் 'கட் டவுன் ஆன்'. உணவிலிருந்து சர்க்கரையை அறவே நீக்கினால் 'கட் அவுட்'. பழக்கத்தையே கைவிட்டால் 'கிவ் அப்'. (காப்பி விஷயத்தில் இந்தக் கடைசிச் சொல் எனக்கு இதுவரை தேவைப்படவில்லை.) 'ஒர்க் அவுட்' என்றால் உடற்பயிற்சி, கணக்குக்கு விடை காண்பதும் அதுவே, போட்ட திட்டம் பலிப்பதும் அதுவே. 'ஈட் அவுட்', 'டிராப் இன்' போன்றவற்றுக்கு விளக்கமே வேண்டாம்.

உண்மையான சங்கடம் சொல் வரிசையில் இருக்கிறது. 'புட் ஆஃப்' பிரியும்: 'எக்ஸாம்' போன்ற பெயர்ச்சொல் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். ஆனால் 'இட்' என்ற சிறு சொல் நடுவில்தான் நிற்கும். 'புட் இட் ஆஃப்' சரி, 'புட் ஆஃப் இட்' தவறு. 'புட் அப் வித்', 'கட் டவுன் ஆன்' போன்ற மும்மூர்த்திகளோ பிரிய மாட்டா. என் கடிதத்தில் 'மீ' நடுவில் நின்றிருந்தால் விருந்தாளி. கடைசிக்குப் போனதால் தொல்லை!

நூறு சொற்களைப் பட்டியலிட்டு உருப்போட்டுப் பார்த்தேன். பரீட்சை முடிந்ததும் பறந்துவிட்டன. இப்போது அன்றன்று நடந்ததைப் பற்றி நாட்குறிப்பில் இரண்டு வாக்கியம் எழுதி, மறுநாள் அதே சொல்லை அறைத்தோழரிடம் பேசிப் பார்க்கிறேன். அவர் சிரித்தால் திருத்திக்கொள்கிறேன். விண்ணப்பம் எழுதும்போது மட்டும் பழைய 'போஸ்ட்போன்' இருக்கட்டும்; துறைத் தலைவரிடம் அதற்குத்தான் மதிப்பு.