பிச்சாவரம் மரத்தின் பெற்றோர் யார்?

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது பிச்சாவரம். கடலூர் மாவட்டத்தின் புகழ்பெற்ற சதுப்பு நிலக் காடு இது. பரப்பு, சுமார் 1,100 ஹெக்டேர். சிதம்பரத்துக்குத் "தில்லை" என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரம் இங்கே உண்டு. சுரபுன்னையும் உண்டு.

சுரபுன்னையில் இங்கு இரண்டு இனங்கள். ஒன்று "ரைசோபோரா அபிகுலேட்டா". இதன் பூக்கள் ஜோடியாகப் பூக்கும். இதழில் ரோமம் இராது. மற்றொன்று "ரைசோபோரா மியூக்ரோனேட்டா". இதன் பூக்கள் கொத்தாகப் பூக்கும். இதழில் ரோமம் இருக்கும்.

மூன்றாவது மரம்

இந்த இரண்டிலும் சேராத மரங்கள் சில அங்கே நின்றன. இரண்டின் சாயலும் அவற்றில் கலந்திருந்தது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி மையம் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. அங்கே பணியாற்றிய பேராசிரியர் கதிரேசன், 1995-ம் ஆண்டில் இதைப் புதிய இனம் என்று வெளியிட்டார். பல்கலைக்கழகத்தின் பெயரையே வைத்து, "ரைசோபோரா அண்ணாமலையானா" என்று அழைத்தார்.

இது தனி இனமா, கலப்பினமா? இலையையும் பூவையும் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. மண்ணுக்கும் உப்புக்கும் தக்கபடி மரத்தின் தோற்றம் மாறும். டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளோ அப்படி மாறுவதில்லை.

சாட்சி சொன்ன டி.என்.ஏ.

சென்னையிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், மூன்று மரங்களின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டார்கள். டி.என்.ஏ. துண்டுகளைப் பிரித்தால் கோடு கோடாகத் தெரியும். அபிகுலேட்டாவுக்கு உரிய கோடுகளும், மியூக்ரோனேட்டாவுக்கு உரிய கோடுகளும் மூன்றாவது மரத்தில் சேர்ந்தே இருந்தன. பெற்றோர் யார் என்பது விளங்கிவிட்டது! இந்த முடிவு 1997-ல் வெளியாயிற்று. 1999-ல் கதிரேசனும் இதைக் கலப்பினம் என்றே அறிவித்தார். அதன் பெயரில் பெருக்கல் குறி சேர்ந்தது.

டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படித்து, செடிகளை அடையாளம் காணும் முறையும் இப்போது வந்துவிட்டது. இதற்காக இரண்டு பகுதிகளை 2009-ல் விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அவை இலையின் பசுங்கணிகத்தில் உள்ளவை. பெரும்பாலும் தாய் வழியாக மட்டுமே வருபவை. ஆகவே, கலப்பு மரத்தில் அவற்றை மட்டும் படித்தால் தந்தை யார் என்று தெரியாது. இரு பெற்றோரிடமிருந்தும் வரும் டி.என்.ஏ.வையும் பார்க்க வேண்டும்.

ஏன் இந்த ஆராய்ச்சி?

இத்தகைய கலப்பு மரங்களின் மகரந்தம் பெரும்பாலும் பயன்படாது. காய்ப்பதும் அபூர்வம். விதையை நம்பி இதைப் பெருக்க முடியாது. இரண்டு சுரபுன்னைகளும் ஒரே காட்டில் அருகருகே செழித்திருந்தால்தான் இப்படி ஒரு மரம் மீண்டும் பிறக்கும். அதில் ஒன்று அழிந்தாலும், அண்ணாமலைப் பெயர் தாங்கிய மரத்துக்குப் புதிய கன்று கிடைப்பது அரிது.