பகைவன் சமாதியில் மேளம் நின்றது!
கொங்கு நாட்டிலிருந்து இலங்கைக்கு ஒரு சுற்றுலா

காசிக்குப் போய் வந்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் உண்டு. ராமேசுவரம் போகாத குடும்பமே இல்லை என்று சொல்லலாம். ராமேசுவரத்தில் கடலுக்குள் இறங்கி நின்று, "அதோ, அந்தப் பக்கம்தான் இலங்கை!" என்று பிள்ளைகளுக்குக் கைகாட்டிய அப்பாக்களும் பலர்.

அந்த இலங்கைக்கே போய்ப் பார்த்து வந்தால் என்ன?

ஒரு காலத்தில் இது மிகச் சுலபமாக இருந்தது. 1914-ம் ஆண்டு முதல் தனுஷ்கோடி வரை ரெயில் ஓடியது. அங்கே இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார். மறுபடியும் ரெயில் ஏறினால் கொழும்பு! "போட் மெயில்" என்று அதற்குப் பெயர். 1964-ம் ஆண்டு டிசம்பர் மாதம் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்த வழியும் அதோடு முடிந்தது.

இப்போது சென்னையில் விமானம் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கொழும்பு வந்துவிடும். கோவையிலிருந்து சென்னைக்கு ரெயிலில் போகும் நேரத்தை விட இது மிகக் குறைவு!

வாருங்கள், போய் வருவோம்.

முக்கோணப் பயணம்

இலங்கை ஒரு புத்த நாடு. அங்கே வாழும் மக்களில் நூற்றுக்கு 70 பேர் புத்த மதத்தினர். சைவர்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் ஆகியோரும் இருக்கிறார்கள்.

வழிகாட்டிகள் ஒரு முக்கோணத்தைக் காட்டுவார்கள். வடக்கே அனுராதபுரம், கிழக்கே பொலன்னறுவை, தெற்கே கண்டி. மூன்றும் பழைய தலைநகரங்கள். இந்த மூன்றையும், இடையில் இருக்கும் தம்புள்ளை, சிகிரியா ஆகிய இடங்களையும் சுற்றிப் பார்க்க ஐந்து, ஆறு நாட்கள் போதும்.

முதலில் அனுராதபுரம்.

2,300 வயது மரம்

அங்கே ஓர் அரச மரம் இருக்கிறது. கிளைகளைத் தங்க நிற முட்டுகள் தாங்கி நிற்கின்றன. வெள்ளை உடை உடுத்திய மக்கள் கையில் தாமரைப் பூவோடு வரிசையில் வருகிறார்கள்.

அசோகச் சக்கரவர்த்தியின் மகள் சங்கமித்தை. புத்தர் ஞானம் பெற்றது புத்த கயையில், ஓர் அரச மரத்தின் அடியில். அந்த மரத்தின் கிளையை அவர் இலங்கைக்குக் கொண்டு வந்தார். தேவநம்பிய தீசன் என்ற மன்னன் அதை இங்கே நட்டான். இது நடந்து 2,300 ஆண்டுகள் ஆகிவிட்டன. மனிதர் நட்டதாக வரலாற்றுக் குறிப்பு உள்ள மரங்களில், உலகிலேயே மிகப் பழையது இதுதான்.

பக்கத்தில் மலை போல நிற்கும் செங்கல் கோபுரங்களுக்குத் தூபி என்று பெயர். அவற்றில் ஜேதவனராமய தூபி, கட்டியபோது சுமார் 400 அடி உயரம். எகிப்து நாட்டின் இரண்டு பெரிய பிரமிடுகளுக்கு அடுத்தபடியாக, அந்தக் கால உலகில் இதுவே உயரமான கட்டடம் என்று சொல்லப்படுகிறது.

எல்லாளன் கதை

இந்த ஊரில்தான் வழிகாட்டி ஒரு யுத்தக் கதையைச் சொல்வார். அதைக் கேட்டதும் தமிழர்களுக்கு முகம் கொஞ்சம் மாறும். காரணம், கதையில் தோற்பவன் தமிழன்!

எல்லாளன் என்பது அவன் பெயர். சோழ நாட்டிலிருந்து வந்து அனுராதபுரத்தைப் பிடித்து, 44 ஆண்டுகள் ஆண்டான். துட்டகைமுனு என்ற சிங்கள இளவரசன் அவனை எதிர்த்துப் படை திரட்டி வந்தான். தெற்கு வாசல் அருகே இரண்டு பேரும் யானை மீது ஏறி நேருக்கு நேர் மோதினார்கள். எல்லாளன் இறந்தான்.

இவ்வளவோடு கதையைக் கேட்டுவிட்டு, கோபத்தோடு திரும்பக்கூடாது. மீதியையும் கேட்க வேண்டும்.

இந்தக் கதையைச் சொல்லும் நூல் "மகாவம்சம்." எழுதியவர் ஒரு புத்த பிக்கு. துட்டகைமுனுவைத் தலைவனாகக் கொண்டாடும் நூல் அது. ஆனால் அதே நூல் எல்லாளனைப் பற்றி என்ன சொல்கிறது தெரியுமா? நண்பன், பகைவன் என்று பார்க்காமல் நீதி வழங்கியவன் என்று சொல்கிறது. அவன் மகன் ஓட்டிய தேர் ஒரு கன்றுக்குட்டியைக் கொன்றது. தாய்ப் பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மகன் என்றும் பாராமல் அவனுக்கு மரண தண்டனை கொடுத்தான். நம் திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையேதான்!

இன்னொன்றும் உண்டு. ஒரு நாள் எல்லாளனின் தேர் இடித்து ஒரு தூபியின் கற்கள் பெயர்ந்தன. அவன் புத்த மதத்தைச் சேர்ந்தவன் அல்ல. என்றாலும் உடனே தேரை விட்டு இறங்கி, "இந்தச் சக்கரத்தால் என் தலையை எடுங்கள்" என்று வீதியில் படுத்துவிட்டான். மந்திரிகள் தடுத்து, தூபியைச் சரி செய்தால் போதும் என்றார்கள். பெயர்ந்தவை பதினைந்தே கற்கள். அதற்குப் பதினையாயிரம் காசு செலவிட்டான் என்கிறது மகாவம்சம்.

வென்ற துட்டகைமுனு என்ன செய்தான்? பகைவன் விழுந்த இடத்திலேயே தகனம் செய்து, நினைவுச் சின்னம் கட்டினான். "இந்த இடத்தைக் கடக்கும்போது மேளதாளத்தை நிறுத்த வேண்டும்" என்று ஆணையிட்டான். அரசர்களின் ஊர்வலம்கூட அங்கே ஓசையில்லாமல் போயிற்றாம்!

அந்த இடம் எது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் பகைவனுக்கு மரியாதை செய்த கதை, பகைவரின் நூலிலேயே பெருமையோடு இருக்கிறது.

குகையும் கோட்டையும்

அடுத்தது தம்புள்ளை. குன்றின் மேல் ஐந்து குகைகள். உள்ளே 150-க்கு மேற்பட்ட புத்தர் சிலைகள். கூரை முழுவதும் ஓவியம். வெயிலில் ஏறி வந்து உள்ளே நுழைந்தால், குளிர்ந்த காற்று முகத்தில் படும்.

சிகிரியா, காட்டுக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரே பாறை. ஏறக்குறைய 600 அடி உயரம். அதன் உச்சியில் ஓர் அரண்மனை! ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் என்ற மன்னன் கட்டியது. வழியில் இரண்டு பெரிய சிங்கப் பாதங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே படி ஏறுகிறது. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கீழே இருக்கும் பூங்காவையும் அகழியையும் பார்த்தாலே போதும்.

புத்தருக்குத் தமிழர் காவல்

பொலன்னறுவைக்கு வந்தால் நம் கண்கள் விரியும்.

993-ம் ஆண்டு ராஜராஜ சோழனின் படை இலங்கைக்கு வந்தது. அனுராதபுரம் அழிந்தது. சோழர்கள் பொலன்னறுவையைத் தலைநகராக்கி, "ஜனநாத மங்கலம்" என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் கட்டிய சிவன் கோவில் ஒன்று, வானவன் மாதேவி ஈசுவரம், இன்றும் கல் குலையாமல் நிற்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோவில் ஒன்றைப் பார்ப்பது போலவே இருக்கும்.

1070-ம் ஆண்டு விஜயபாகு என்ற சிங்கள மன்னன் சோழர்களை விரட்டினான். கதை அங்கே முடிந்ததா? இல்லை!

புத்தரின் புனிதப் பல் அந்த நாட்டின் மிகப் பெரிய செல்வம். அது இருந்த கோவிலைக் காக்கும் பொறுப்பு "வேளைக்காரர்" என்ற தமிழ்ப் படையினரிடம் வந்தது. அதைக் காப்போம் என்று அவர்கள் உறுதி கூறிய கல்வெட்டு இன்றும் பொலன்னறுவையில் இருக்கிறது. அந்தக் கல்வெட்டு தமிழில் இருக்கிறது!

பக்கத்தில் கல் விகாரை. ஒரே பாறையில் நான்கு சிலைகள். படுத்திருக்கும் புத்தர் மட்டும் 46 அடி நீளம். தலையணை கூடக் கல்தான். ஆனால் தலை பட்ட இடத்தில் பஞ்சுத் தலையணை போலவே குழி விழுந்திருக்கிறது. சிற்பியின் திறமை அப்படி!

விவசாயக் குடும்பங்கள் பராக்கிரம சமுத்திரத்தைப் பார்க்காமல் திரும்பக்கூடாது. பெயர்தான் சமுத்திரம், உண்மையில் அது ஓர் ஏரி. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு. 12-ம் நூற்றாண்டு மன்னன் பராக்கிரமபாகு உருவாக்கியது. பெய்யும் மழையில் ஒரு சொட்டும் பயன்படாமல் கடலுக்குப் போகக்கூடாது என்பது அவன் கொள்கை. நொய்யல் ஆற்றில் தடுப்பணை கட்டி, வாய்க்கால் வெட்டி, குளம் குளமாக நீரை நிரப்பியவர்கள் நம் முன்னோர்கள். "ஏனுங்க, நம்மூர்க் குளமாட்டவே இருக்குதுங்களே!" என்று நம் ஊர்ப் பெரியவர் ஒருவராவது சொல்லாமல் இருக்கமாட்டார்.

கண்டியில் நம் கண்ணகி

கண்டி, மலை நகரம். ஏரிக்கரையில் தலதா மாளிகை இருக்கிறது. புத்தரின் புனிதப் பல் இப்போது இங்கேதான் இருக்கிறது. பூஜை நேரத்தில் முரசு முழங்கும். வாசலில் சோதனை செய்துதான் உள்ளே விடுவார்கள். 1998-ம் ஆண்டு விடுதலைப் புலிகள் வெடிகுண்டு லாரியை மோதி இந்தக் கோவிலைத் தாக்கினார்கள். அதற்கு முன், 1983-ம் ஆண்டு ஜூலை மாதம் கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன. 2009-ம் ஆண்டு யுத்தம் முடிந்தது. இழந்தவர்களின் துக்கம் முடியவில்லை. இதையும் மறக்காமல்தான் நாம் இந்தப் படியில் ஏற வேண்டும்.

கண்டியை 1739 முதல் 1815 வரை ஆண்டவர்கள், மதுரைப் பக்கத்து நாயக்கர் வம்சத்தார்! அவர்களில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், 1753-ம் ஆண்டு சயாம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து, நலிந்திருந்த புத்த சங்கத்துக்கு உயிர் கொடுத்தான். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இயற்பெயர் கண்ணுசாமி. வெள்ளையர் அவனைச் சிறைப்பிடித்து வேலூருக்கு அனுப்பினார்கள். 1832-ம் ஆண்டு அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி இருக்கிறது.

ஆடி மாதத்தையொட்டிக் கண்டியில் பெரிய ஊர்வலம் நடக்கும். "பெரஹரா" என்பார்கள். அலங்கரித்த யானைகள், தீப்பந்தம், மேளம்! தலதா மாளிகையின் ஊர்வலத்தைத் தொடர்ந்து நான்கு தெய்வங்களின் ஊர்வலங்கள் வரும். அவர்களில் ஒருவர் கதிர்காமத்து முருகன். இன்னொருவர் பத்தினித் தெய்வம். யார் அந்தப் பத்தினி? நம் கண்ணகிதான்!

சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரு செய்தி இருக்கிறது. கொங்கு நாட்டு இளங்கோசர்கள் கண்ணகிக்கு விழா எடுத்தார்கள். மழை தவறாமல் பெய்தது. அதைக் கேட்டு, இலங்கை மன்னன் கயவாகுவும் விழா எடுத்தான்; அங்கும் மழை பெய்தது. கொங்கு நாடும் இலங்கையும் அடுத்தடுத்து வருகின்றன, பார்த்தீர்களா?

தேயிலைக்குப் பின்னால்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு மலை ஏறினால் வழியெல்லாம் தேயிலை. நீலகிரிக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். கொழுந்து பறிக்கும் பெண்கள் பேசுவது தமிழ். வெள்ளையர் காலத்தில் பஞ்சம் பிழைக்கப் போனவர்களின் பேத்திகள் அவர்கள்.

அந்தக் காடுகளைத் தோட்டமாக்கியவர்களுக்கு, 1948-ம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாமல் போயிற்று. 1964-ம் ஆண்டு சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 லட்சம் பேரை இலங்கை ஏற்பது என்று முடிவாயிற்று. அக்கா இங்கே, தங்கை அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. அப்படி வந்தவர்களுக்காக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் அமைத்தது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்கள் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினால் போதும், அவர்களைப் பார்க்கலாம்.

போகுமுன் தெரிந்து கொள்ளுங்கள்

பாஸ்போர்ட் அவசியம். விசா விதிகள் அடிக்கடி மாறும்; புறப்படுமுன் விசாரித்துக் கொள்ளுங்கள்.

விகாரைகளில் செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். தோளும் முழங்காலும் மறையும் உடை நல்லது. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக்கூடாது. அது பெரிய அவமரியாதை.

பவுர்ணமி தோறும் அங்கே விடுமுறை. அன்று மதுக்கடையும் இறைச்சிக் கடையும் மூடியிருக்கும். வைகாசிப் பவுர்ணமிக்கு ஊரெல்லாம் விளக்கு. வழிப்போக்கர்களுக்கு இலவச உணவு. சித்திரைப் புத்தாண்டைச் சிங்களரும் தமிழரும் ஒரே நேரத்தில் கொண்டாடுகிறார்கள்.

இடியாப்பமும் ஆப்பமும் தாராளமாகக் கிடைக்கும். பிள்ளைகள் பட்டினி கிடக்கமாட்டார்கள்!

அனுராதபுரத்தில் வழிகாட்டி யுத்தக் கதையை முடித்ததும், "சமாதியில் மேளம் நின்ற கதையையும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பிள்ளைகளை முன்னால் நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் ஊருக்குக் கொண்டுவர வேண்டிய பொருள்களில் அதுவும் ஒன்று.