பழைய மென்பொருளும் புதிய இயங்குதளமும்

இயங்குதளம் மாறும்போது பழைய மென்பொருள் செயலிழப்பதைத் தொழினுட்ப வளர்ச்சியின் தவிர்க்கவியலாத விளைவெனக் கொள்வோர் பலர். கணனியின் வரலாறு இதற்கு மாறானது. 1964இல் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம் 360 வரிசையை அறிவித்தபோது, 1959இல் வெளிவந்த அதன் 1401 கணனிக்கென எழுதப்பட்ட நிரல்கள் எண்ணற்ற அலுவலகங்களில் வழக்கிலிருந்தன. அவை பல்லாண்டு உழைப்பின் திரட்சி. மீள எழுதுவதற்கு வாடிக்கையாளர் விரும்பவில்லை. அந்நிரல்களை மாற்றி இயக்கவல்ல கணனியொன்றுடன் ஹனிவெல் நிறுவனம் 1963 இறுதியிலேயே போட்டிக்கு வந்திருந்தது. ஆகவே சிஸ்டம் 360இன் சில மாதிரிகளில், பழைய கட்டளைகளை அவ்வாறே ஏற்றுச் செயற்படுத்தும் நுண்ணிரல் சேர்க்கப்பட்டது. 'எமுலேசன்' என இன்று வழங்கும் உத்தி இதுவே. சந்தைப் போட்டியே இதன் உந்துவிசை என நாம் கருதுகின்றோம்.

360க்கு எழுதப்பட்ட நிரல்கள் பல ஐ.பி.எம்.மின் இன்றைய பெருங்கணனிகளிலும் இயங்கவல்லன. வங்கிகளின் தேவை அத்தகையது. தனியாட் கணனியின் பழைய டொஸ் நிரல்களுக்கு அவ்வாறான காவலர் இல்லை. 64-பிட் விண்டோஸ் அவற்றை ஏற்பதில்லை. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. செயலியின் 64-பிட் நிலையில் அந்நிரல்களுக்குரிய முறை இல்லை என்பது உண்மையே. ஆயினும் அக்குறையை மென்பொருளாலேயே ஈடுசெய்யலாம் என்பதைத் தன்னார்வலர் ஆக்கிய டொஸ்பொக்ஸ் நிறுவியுள்ளது. பழைய இயங்குதளத்தையே மெய்நிகர்ப் பொறியொன்றினுள் நிறுவிக்கொள்வோரும் உளர். இரண்டிலும் பராமரிப்புச் சுமை பயனரின் தோளுக்கு மாறிவிடுகின்றது.