குத்துச்சண்டையிற் கால்களின் கல்வி

குத்துச்சண்டை கைகளின் கலை என்பது பொதுவான எண்ணம். ஆனால், கை எட்டும் இடத்திற்கு உடலைக் கொண்டு சேர்ப்பனவும், எதிரியின் அடி விழுமுன் அதனை அகற்றுவனவும் கால்களே. அக்கால்களுக்குப் பாடஞ் சொல்லும் சாதனங்களுள் ஒன்று, பயிற்றுநர் தம் இரு உள்ளங்கைகளிலும் அணிந்துகொள்ளும் தட்டையான தோல் மெத்தை. 'பேட்' என வழங்கும் இம்மெத்தையைக் குறியாகக் கொண்டு வீரன் குத்திப் பழகுகிறான்.

தொங்கவிட்ட பயிற்சிப் பைக்கும் இதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. பை ஊசலாடுமேயன்றி இடம் பெயராது. மெத்தை பிடிப்பவரோ பின்வாங்குவார், பக்கவாட்டில் நகர்வார், திடீரென நெருங்குவார். அவர் ஓரடி பின்வைத்தால், வீரனும் காலை நகர்த்தியே குத்த வேண்டும். கையை மட்டும் நீட்டினால் உடல் முன்சாய்ந்து நிலைகுலையும். குத்திய கை முகத்தருகே திரும்பாவிடின், பயிற்றுநரின் மெத்தை அவன் கன்னத்தைத் தட்டும். இவ்வாறு பன்முறை நிகழ்ந்தபின், நினையாமலே கை மேலெழும், கால் விலகும்.

இதிலே ஓர் ஆபத்தும் உண்டு. நல்ல பழக்கம் பதிவது போலவே தீயதும் பதியும். மெத்தை பிடிப்பவர் ஒரே இடத்தில் நின்று, வருகின்ற குத்தை நோக்கி மெத்தையை முன்னே தள்ளுவாராயின், ஓசை பெரிதாக எழும், வீரனும் மகிழ்வான். ஆனால், அவன் கற்பது பொய்யான தூரம். மேடையில் எதிரியின் முகம் அவன் முட்டியைத் தேடி வராது.

பிலிப்பைன்ஸ் நாட்டு மனி பக்கியாவோ, 2001ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் பயிற்றுநர் பிறெடி றோச்சிடம் வந்து சேர்ந்தபோது, பெரிதும் இடக்கையையே நம்பியிருந்தார். அவர் வலக்காலை முன்வைத்து நிற்பவர். அத்தகையோர் வலக்கை வீரரை எதிர்க்கையில், தம் முன்காலை எதிரியின் முன்காலுக்கு வெளிப்புறம் வைப்பது நன்று. இடக்குத்துக்கு வழி திறக்கும், எதிரியின் வலக்கைக்கும் விலகி நிற்கலாம். றோச் தாமே மெத்தை அணிந்து ஆண்டுக்கணக்கிற் பயிற்றினார், வலக்கையும் வலுப்பெற்றது. 2008 டிசம்பரில், தம்மினும் உயரமான ஒஸ்கார் டி லா ஹோயாவை எட்டுச் சுற்றுக்களில் அவர் பணியவைத்தபோது, அப்பயிற்சியின் பயனை உலகம் கண்டது.

எனினும், 2012 டிசம்பரில், ஆறாஞ் சுற்றின் இறுதிக் கணத்தில் விரைந்து உட்புகுந்த அதே பக்கியாவோ, ஹுவான் மனுவல் மார்க்கெஸின் வலக்குத்துக்கு எதிரே சென்று வீழ்ந்தார். உட்புகும் கால் வெற்றியையும் தரும்; வீழ்ச்சியையும் தரும். எதிர்க்குத்து எக்கணத்தில் வரும் என்பதை மெய்யான எதிராளியே முற்றக் கற்பிக்க வல்லவன்.

ஆகையால், மெத்தையில் எழும் ஓசையைக் கொண்டு பயிற்சியை அளத்தல் தகாது. குத்து முடிந்தபின் வீரனின் கால்கள் எங்கே நிற்கின்றன, கைகள் எங்கே இருக்கின்றன என்பதே நோக்கத்தக்கது.