உங்கள் சீட்டைக் காட்டும் வளையம்

சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போகிறாராம். மலிவாகக் கிடைத்த டிக்கெட்; அந்த விமானத்தில் முன் சீட்டின் முதுகில் டி.வி. கிடையாது, அவரவர் போனில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று மருமகன் சொல்லிவிட்டார். "போனில் படம் பார்த்தால் கண் வலிக்கும். பத்து மணி நேரத்தை எப்படித் தள்ளுவது?"

ஜன்னலோர சீட்டாகக் கேளுங்கள், அம்மா. எந்தப் பக்க ஜன்னல் என்பதும் முக்கியம்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பழுதான திரை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நீண்ட பயணத்தில் என் திரை மட்டும் வேலை செய்யவில்லை. பணிப்பெண் இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, கூடுதலாக ஒரு ஜூஸ் டப்பா கொடுத்துச் சமாதானப்படுத்தினார். வேறு வழியில்லாமல் வெளியே பார்த்தேன். இலவம்பஞ்சை அடித்துப் பரப்பியதுபோல் மேகம். அதன்மேல் எங்கள் விமானத்தின் நிழல் கூடவே ஓடி வந்தது. நிழலைச் சுற்றி வட்டமாக ஒரு வானவில்! உள்ளே வெளுப்பு, விளிம்பில் சிவப்பு, அதற்கும் வெளியே மங்கலாக இன்னொரு வளையம்.

இதற்கு ஆங்கிலப் பெயர் குளோரி. வானவில்லின் தம்பி என்று நினைத்துவிடாதீர்கள், பிறப்பே வேறு. வானவில் மழைத்துளிக்குள் புகுந்து திரும்பிய ஒளி. மேகத்துளியோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். அதன் ஓரத்தை உரசும் ஒளி, விளிம்போடு ஊர்ந்து, வந்த திசைக்கே திரும்புகிறது. அப்படித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கலக்கும்போது நிறங்கள் பிரிகின்றன. துளி சிறுத்தால் வளையம் பெருக்கும்.

ஆனால் என்னை மயக்கியது நிறமல்ல. அந்த வளையத்தின் மையம், விமான நிழலில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் விழும். சூரியன், உங்கள் கண், வளையத்தின் நடுப்புள்ளி மூன்றும் ஒரே நேர்கோடு. அன்று என் மனைவிக்குப் பத்து வரிசை தள்ளி முன்னால்தான் இடம் கிடைத்திருந்தது. இறங்கியதும், "வால் பக்கம் பார்த்தியா?" என்றேன். "வாலா? மூக்குக்குப் பக்கத்துல இல்ல இருந்துச்சு" என்றார். பெட்டி வரும்வரை சண்டை. இரண்டு பேர் சொன்னதும் சரி.

பூமியின் வடிவத்தை அளக்க 1730களில் ஆண்டிஸ் மலைக்குப் போன பியர் பூகேரின் குழுவுக்கும் இதே அனுபவம். மூடுபனியில் விழுந்த தன் தலையின் நிழலைச் சுற்றித்தான் ஒவ்வொருவருக்கும் கிரீடம் தெரிந்தது. பக்கத்திலிருப்பவன் தலை வெறும் தலை. கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில், வெயில் முதுகிலும் பனிமூட்டம் எதிரிலும் வாய்த்தால், விமான டிக்கெட் இல்லாமலே இதைப் பார்க்கலாம். எனக்கு நான்கு முறை போயும் வாய்க்கவில்லை, மிளகாய் பஜ்ஜிதான் வாய்த்தது.

1894 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சி ஆய்வகத்தில் சி.டி.ஆர். வில்சன் என்ற இளைஞர் இரண்டு வாரம் தங்கினார். மேகத்தின்மேல் இந்த வளையங்களைக் கண்டவர், கேம்பிரிட்ஜ் திரும்பியதும் கண்ணாடிக் கலத்துக்குள் மேகம் செய்து பார்க்கத் தொடங்கினார். அணுத்துகள்கள் ஓடும் தடத்தைக் கண்ணுக்குக் காட்டும் முகிற்கலம் அப்படிப் பிறந்தது. 1927இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு. வேடிக்கை பார்த்ததில் தொடங்கிய வேலை!

பார்க்கும் வழி சுலபம்: சூரியனுக்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள். காலையில் சென்னையிலிருந்து டெல்லிக்கு என்றால் வெயில் வலப்பக்கம், ஆகவே இடப்பக்க ஜன்னல். இறக்கைக்கு மேலே வேண்டாம். மேகத்தை ஒட்டிப் பறக்கும் ஏற்ற இறக்க நேரத்தில்தான் நிழலின் வடிவம் தெளிவாக இருக்கும். உயரம் கூடினால் நிழல் கரைந்துவிடும், வளையம் மட்டும் மிஞ்சும்.

ஒரே இடைஞ்சல், மனிதர்கள். பட்டப்பகலில் ஜன்னல் மூடிகளை இறக்கிவிட்டு, விமானத்தைத் தியேட்டராக்கி விடுகிறார்கள். போயிங் 787இல் மூடியே கிடையாது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி கருநீலமாகும், மொத்த ஜன்னல்களையும் பணிக்குழுவே இருட்டாக்கவும் முடியும். தூங்குகிறவர்களுக்கு இருட்டு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜன்னலோரத்தை அடித்துப் பிடித்து வாங்கி, மூடியை இறக்கிவிட்டு, போனில் வானவில் படத்துக்கு லைக் போடுகிறவரை என்ன செய்வது?

போன மாதமும் மூடச் சொன்னார்கள். மூடினேன், அடியில் இரண்டு விரல் அகலம் விட்டு.