வலைப்பக்கத்தில் விரியும் பட்டியலுக்குரிய இடம்

ஒரு துறையின் வலைத்தளத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருத்தல் கூடும். அவற்றின் தலைப்புகள் அனைத்தையும் ஒருங்கே திரையில் காட்டுதல் இயலாது. ஆகவே, முதன்மைத் தலைப்புகள் சிலவற்றை மட்டும் பக்கத்தின் மேற்பகுதியில் நிறுத்தி, ஒன்றைத் தொட்டவுடன் அதன் உட்தலைப்புகள் விரியுமாறு அமைப்பது வழக்கம். இதுவே விரியும் பட்டியல் அல்லது 'மெனு' எனப்படுவது. பள்ளிக்கோ வட்டார அலுவலகத்திற்கோ வலைப்பக்கம் அமைக்கும் பணியில் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் பங்குகொள்ள நேர்வதால், இப்பட்டியலை எவ்விடத்தில், எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதை இங்கு விளக்குவோம்.

இருவகை அமைப்புகள்

விரியும் பட்டியலை மேசையின் இழுப்பறைக்கு ஒப்பிடலாம். இழுப்பறையைத் திறக்க அதன் முன்னே இடம் வேண்டும். பட்டியலுக்கு அவ்விடத்தை அளிக்கும் முறைகள் இரண்டு. முதல் முறையில், பட்டியல் பக்கத்தின் இயல்பான ஒழுங்கிலேயே நிற்கும், அது விரியும்போது, அடுத்துள்ள செய்திகள் கீழே தள்ளப்படும், எதுவும் மறைவதில்லை. இரண்டாம் முறையில், பட்டியல் அவ்வொழுங்கிலிருந்து விடுபட்டு, மற்றச் செய்திகளின்மேல் ஒரு தாளைப்போலப் படியும்; கீழுள்ளவை இடம் பெயர்வதில்லை, ஆயினும் சற்று நேரம் மறைக்கப்படும். ஒடுங்கிய கைப்பேசித் திரைக்கு முதல் முறையும், அகன்ற கணிப்பொறித் திரைக்கு இரண்டாம் முறையும் பெரும்பாலும் ஏற்றவை.

பட்டியல் எதனைச் சார்ந்து நிற்கிறது?

வலைப்பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழி சி.எஸ்.எஸ். எனப்படும். 1998ஆம் ஆண்டு வெளியான அதன் இரண்டாம் பதிப்பில் 'பொசிஷன்' என்னும் பண்பு இடம்பெற்றது. அதற்கு 'அப்சொல்யூட்' என்னும் மதிப்பை அளித்தால் பட்டியல் ஒழுங்கிலிருந்து விடுபடும். விடுபட்ட பட்டியலின் இடம், அதனை உள்ளடக்கிய பெட்டிகளுள் 'பொசிஷன்' மதிப்பு அளிக்கப்பெற்ற மிக அண்மையான பெட்டியிலிருந்து கணக்கிடப்படும். அத்தகைய பெட்டி இல்லையேல், அளவுகள் பக்கத்தின் மூலையிலிருந்தே கொள்ளப்படும். தலைப்பு ஓரிடத்திலும், பட்டியல் வேறோரிடத்திலும் தோன்றுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். தலைப்பின் பெட்டிக்கு 'ரிலேட்டிவ்' என்றும், அதனுள் அமைந்த பட்டியலின் 'டாப்' அளவு 100 விழுக்காடு என்றும் குறித்தால், தலைப்பின் கீழ்விளிம்பிலிருந்தே பட்டியல் தொடங்கும். வலக்கோடியிலுள்ள தலைப்பின் பட்டியலை வலப்புற விளிம்போடு பொருத்துதல் வேண்டும். இல்லையேல் அது திரைக்கு வெளியே செல்லும்.

மறைதலும் வெட்டுண்ணலும்

பட்டியலைச் சூழ்ந்த பெட்டிக்கு 'ஓவர்ஃப்ளோ ஹிடன்' என்று குறிக்கப்பட்டிருப்பின், பட்டியலின் வெளியே நீளும் பகுதி வெட்டுண்ணும். படமோ வரைபடமோ பட்டியலின்மேல் வந்து படிந்தால், 'இசட்-இண்டெக்ஸ்' எண்ணை உயர்த்துவர். ஆனால் சூழ்ந்த பெட்டி ஒரு தனி அடுக்காக அமைந்து, அவ்வடுக்கே தாழ்ந்திருப்பின், உள்ளிருக்கும் பட்டியலுக்கு எத்துணைப் பெரிய எண்ணை அளித்தாலும் பயனில்லை.

தலைப்புப் பட்டை திரையின் மேல் நிலையாக நிற்குமாறு அமைக்கப்பட்டிருந்தால், மற்றோர் இடர் உண்டு. பக்கத்தை நகர்த்தினாலும் பட்டை நகர்வதில்லை. ஆதலின் நீண்ட பட்டியலின் கடைசி வரிகள் சிறு திரையில் கண்ணுக்கு எட்டாமலே போகும். விண்ணப்பப் படிவம் அக்கடைசி வரியில் இருப்பின், அது அவர்க்கு இல்லாததற்கு ஒப்பாகும். பட்டியலின் உயரத்தைத் திரைக்குள் அடக்கி, அது தனியே நகருமாறு செய்வதே பரிகாரம்.

உபயோகிப்போர் கருத்திற் கொள்ளவேண்டியவை

சுட்டியை மேலே கொண்டுசென்றால் மட்டும் விரியும் பட்டியல், தொடுதிரையில் பயன்படாது. எனவே தொடுதலாலும், விசைப்பலகையாலும் அது விரிதல் அவசியம். டபிள்யூ.த்ரீ.சி. நிறுவனத்தின் எளிதணுகல் நெறிகளின் 2.2ஆம் பதிப்பு (2023), தொடுமிடம் குறைந்தது 24 பிக்சல் அகலமும் 24 பிக்சல் உயரமும் உடையதாகவோ, அதற்கீடான இடைவெளி பெற்றதாகவோ இருத்தல் வேண்டும் என்கிறது.

தமிழ்ப் பக்கங்களுக்கு மேலும் ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் 'ஃபார்ம்ஸ்' என்று ஒரு சொல்லில் அடங்குவது, தமிழில் 'விண்ணப்பப் படிவங்கள்' என நீளும். ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து நிலைப்படுத்திய அகலத்தில் தமிழ்த் தலைப்பு வெட்டுண்ணும். அகலத்தைச் சொல்லின் நீளத்திற்கு விட்டுவிடுதலே முறை.

பக்கத்தை வெளியிடுமுன், சிறிய கைப்பேசியில் ஒரு முறையும், எழுத்தை இருமடங்கு பெரிதாக்கி ஒரு முறையும், விசைப்பலகையை மட்டும் கொண்டு ஒரு முறையும் ஒவ்வொரு பட்டியலையும் கடைசி வரிவரை திறந்து பார்த்தல் நலம்.