அனுமதி வந்தாச்சு, கம்பியை யார் பார்த்தது?

நெல்லிக்குப்பத்தில் 2,500 சதுர அடிக்குள் மனை வைத்திருப்பவர் தரைத்தளமும் மேலே ஒரு மாடியும் கட்ட, இன்று ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனடி அனுமதி வாங்கிவிடலாம். 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறை இது. 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்குப் பொருந்தும். முன்கூட்டிய கள ஆய்வு இல்லை, பணி நிறைவுச் சான்றும் வேண்டியதில்லை. அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்தத் தாளில் இருப்பது மனையின் அளவு, சுற்றிலும் விட்ட இடம், மாடிகளின் எண்ணிக்கை. பில்லருக்குள் எத்தனை எம்எம் கம்பி, எத்தனை எண்ணிக்கை போகிறது என்பதை எந்த அலுவலகமும் சரிபார்த்துத் தருவதில்லை.

"பிளான் போட்டாச்சு" என்கிறோமே, அது பெரும்பாலும் அறை அளவுகளைக் காட்டும் படம் மட்டுமே. கட்டடத்தைத் தாங்கப்போவது இன்னொரு படம்: ஸ்டிரக்சுரல் டிராயிங். அஸ்திவாரத்தின் ஆழம், பில்லர், பீம், சிலாப் ஒவ்வொன்றின் கம்பி விவரம், ரிங்குகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி, கான்கிரீட்டின் தரம், கம்பிக்கு வெளியே இருக்க வேண்டிய கவர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கான்கிரீட் வேலைக்கு ஐஎஸ் 456, கம்பி விவரம் வரைவதற்கு எஸ்பி 34, கட்டட வரைபடங்களுக்கு ஐஎஸ் 962 என்று இந்திய தர நிர்ணய அமைவனம் தனித்தனி நெறிகள் வைத்திருக்கிறது. படத்தின் வலது கீழ் மூலையிலுள்ள கட்டத்தை முதலில் பாருங்கள். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர், தேதி, திருத்த எண் என எல்லாம் நிரம்பியிருக்க வேண்டும். மூன்று இடத்திலும் ஒரே கையெழுத்து என்றால் சரிபார்ப்பு நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

பழைய வீட்டுப் படத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய ஆபத்து. நம் கடலூர் மாவட்டத்தில் அது கூடவே கூடாது. பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணும் தென்பெண்ணைக் கரை மண்ணும் ஒரே பாரத்தைத் தாங்காது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் உப்புக்காற்று நேராக அடிக்கும்; அத்தகைய கடலோரத்துக்கு ஐஎஸ் 456 கேட்பது குறைந்தது எம்30 கான்கிரீட், 45 மில்லிமீட்டர் கவர். உப்பு, ஈரம் இல்லாத உள்பகுதியில் சிலாப்புக்கு எம்20-ம் 20 மில்லிமீட்டரும் போதும். உள்பகுதிக்கு வரைந்த படத்தை அப்படியே கடலோரத்தில் வைத்துக் கட்டினால் கம்பி துருவேறி, சிலாப் பெயர்ந்து விழத் தொடங்கும். காற்று இன்னொரு கணக்கு. பக்கத்துப் புதுச்சேரிக்கு ஐஎஸ் 875 வைத்திருக்கும் அடிப்படை வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

படத்தில் பிழை இருந்தால் எங்கே போய் முடியும் என்பதற்குச் சென்னை மௌலிவாக்கம் இருக்கிறது. 2014 ஜூன் 28 அன்று கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். வடிவமைப்பிலேயே கோளாறு இருந்தது விசாரணையில் வெளிவந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று.

சான்றிதழ்களிலும் ஏமாற வேண்டாம். வரைபட நிறுவனத்தின் பலகையில் ஐஎஸ்ஓ 9001 என்று இருந்தால், அலுவலக நடைமுறை ஒழுங்காக இருக்கிறது என்று யாரோ தணிக்கை செய்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் படம் சரி என்று அதற்குப் பொருளில்லை. ஆட்டோகேட் பயிற்சிச் சான்று படம் வரையத் தெரியும் என்று மட்டுமே சொல்கிறது, பாரம் கணக்கிடத் தெரியும் என்றல்ல. 'ஆர்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ள 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு வேண்டும். பொறியாளர்களுக்கு அப்படி நாடு தழுவிய சட்டம் இல்லை. அதனால் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன் கீழ் அவர் பதிவு செய்தவரா என்பதே நமக்குள்ள பிடி. பதிவு எண்ணைக் கேளுங்கள், சங்கடப்பட வேண்டியதில்லை. முறுக்குக் கம்பியிலும் சிமென்ட் மூட்டையிலும் உள்ள ஐஎஸ்ஐ உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டிப் பார்க்கலாம், புகாரும் தரலாம்.

வீடு கட்டித் தருவது சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அதைச் சேர்த்திருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு தவறான படம் கொடுத்தவர் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்கியவருக்கு ரியல் எஸ்டேட் சட்டம் இன்னொரு வழி தருகிறது: சாவி வாங்கி 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் கட்டியவரே செலவின்றிச் சரிசெய்ய வேண்டும்.

வழக்கு நிற்பது தாளை வைத்துத்தான். கையெழுத்திட்ட படம், ரசீது, வாட்ஸ்ஆப் உரையாடல், விரிசலின் தேதியிட்ட புகைப்படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நடுவில் மேஸ்திரியிடம் நீங்களே "அந்த பில்லரை எடுத்துடுங்க, ஹால் பெருசா இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தால் வழக்கு பலவீனமாகும். இப்படிச் செய்யாத வீட்டுக்காரர் அபூர்வம். மாற்றம் வேண்டுமானால் பொறியாளரிடம் திருத்தப் படம் வாங்கியபின் செய்யுங்கள். குறை தெரிந்ததும் எழுத்தில் தெரிவியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் வழக்குக்கான கெடு இரண்டு ஆண்டுகள்.